அப்பா ஓட்டிய அம்பாசிடரை மரத்தில் செய்ய முடியுமா?

தம்பி, நீங்கள் எழுதியிருப்பது இது: அப்பா 30 வருஷத்துக்கு மேல் வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டினார். வண்டியை விற்று வெகுநாளாகிவிட்டது. இன்னும் மூன்று மாதத்தில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். அதற்குள் அந்த வண்டியை உங்கள் கையாலேயே மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். கதவு திறக்க வேண்டும், டிக்கி திறக்க வேண்டும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்ப வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டபின் உளியைத் தொட்டதில்லை. கடைசியில் "எந்த மரம் வாங்கட்டும்?" என்று முடித்திருக்கிறீர்கள். மரத்தைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்க வந்தது அது இல்லை என்று நினைக்கிறேன். பழகாத கையால் செய்த ஒன்றைப் பார்த்ததும் அப்பா "இது நம்ம வண்டி" என்பாரா, இல்லை மகன் மனசு நோகக்கூடாதே என்று "நல்லாருக்கு" என்பாரா? அந்தப் பயம்தான் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் பேட்டர்ன் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவன். பம்போ வால்வோ, இரும்பில் எதை வார்ப்பதானாலும் முதலில் அதே உருவத்தை மரத்தில் செய்து மணலில் பதிப்பார்கள். அந்த மர உருவம்தான் பேட்டர்ன். உருக்கிய இரும்பு ஆறும்போது சுமார் ஒரு சதவீதம் சுருங்கும் என்பதால், அந்த ஒரு சதவீதத்தைக் கூட்டியே கோடு போட்ட ஸ்கேல் எங்களிடம் இருக்கும். ஓய்வுக்குப் பிறகு முதல் அம்பாசிடரைச் செய்தபோது கைப்பழக்கத்தில் அந்த ஸ்கேலையே எடுத்துவிட்டேன். 270 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய வண்டி கிட்டத்தட்ட 273 வந்தது. இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாவது வண்டியில் மற்ற அளவெல்லாம் சரியாக இருந்து, கூரை மட்டும் 3 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் "என்னமோ வேன் மாதிரி இருக்கே" என்றார்கள். அதே 3 மில்லிமீட்டர்தான். எல்லாப் பக்கமும் ஒன்றாகக் கூடினால் கண் மன்னித்துவிடும், ஒரு பக்கம் மட்டும் கூடினால் விடாது. உங்கள் மூன்று மாதத்தில் பெரும்பகுதி இந்த விகிதத்துக்குத்தான் போக வேண்டும், கதவுக் கீலுக்கு இல்லை.

ஆகவே முதல் வெட்டு கதவில்தான். கதவு திறக்க வேண்டாம். டிக்கியும் பானட்டும்கூட வேண்டாம். உங்கள் கைமேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. மரம் சும்மா இருக்காது. காற்றில் ஈரம் ஏறினால் குறுக்குவாட்டில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாட்டில் அந்த அசைவு மிகக் குறைவு. ஐப்பசி மழையில் இறுகிப்போகும் கதவு பங்குனி வெயிலில் இடைவெளி விட்டு இளிக்கும். வீட்டு நிலைக்கதவே அப்படித்தான் செய்கிறது, 4 மில்லிமீட்டர் கனமுள்ள பொம்மைக் கதவு என்ன செய்யும்? ஜன்னலைக் குடைந்து ஓட்டை போடவும் வேண்டாம். பலகையின் நார் வண்டியின் நீளவாட்டில் ஓடும். ஜன்னலுக்கு இடையில் நிற்கும் தூண் அந்த நாருக்குக் குறுக்கே நிற்கும். நாலைந்து மில்லிமீட்டர் அகலத்தில் குறுக்கு நார் பிஸ்கட் மாதிரி ஒடியும். தூணைத் தனியாக, நார் மேலும் கீழுமாக ஓடும்படி செய்து பொருத்தலாம், நானும் அப்படிச் செய்திருக்கிறேன். முதல் வண்டியிலேயே அந்த வம்பு எதற்கு? ஜன்னல் இருக்குமிடத்தை 2 மில்லிமீட்டர் ஆழம் எடுத்துவிட்டு, கறுத்த மரத்தில் மெல்லிய தகடு சீவி அதில் பதித்துவிடுங்கள். பகலில் வெளியே நின்று பார்த்தால் நிஜக் காரின் கண்ணாடியும் கறுப்பாகத்தான் தெரிகிறது.

அளவு. அம்பாசிடர் 4325 மில்லிமீட்டர் நீளம், 1662 அகலம், 1593 உயரம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2464. இதை 16-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: நீளம் 270, அகலம் 104, உயரம் 100, அச்சு இடைவெளி 154. இதைவிடச் சிறிதாகப் போனால் சிறு சாமான்கள் விரலுக்குள் நிற்காது. பெரிதாகப் போனால் சிறு தப்பும் பெரிதாகத் தெரியும், மரமும் அதிகம் பிடிக்கும். 16-இல் ஒன்று என்பது ஷோகேஸிலும் வைக்கலாம், மடியிலும் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்து, எந்த அம்பாசிடர்? மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை வைத்துக் கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கிய வண்டி, 2014 மே மாதம்வரை வந்தது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும் உடம்பு பெரிதாக மாறவில்லை. மாறியது முகம்தான், அதாவது கிரில்லும் இன்டிகேட்டர் விளக்கும். எனவே உடம்புக்கு ஊரில் இன்னும் ஓடும் எந்த அம்பாசிடரையும் டேப் வைத்து அளக்கலாம். முகத்துக்கு மட்டும் அப்பாவின் பழைய போட்டோ வேண்டும். ஏதாவது கல்யாண ஆல்பத்தில் அந்த வண்டி நிச்சயம் நிற்கும், சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். நம்பர் பிளேட்டின் நிறத்தையும் போட்டோவைப் பார்த்தே முடிவு செய்யுங்கள், இப்போதைய வாடகை வண்டியின் மஞ்சளை யோசிக்காமல் பூசிவிட வேண்டாம்.

அளக்கப் போகும் வண்டியைப் போட்டோவும் எடுங்கள். பக்கத்தில் நின்று போனில் எடுத்தால் மூக்கு பெருத்து வால் சிறுத்துவிடும், அதைப் பார்த்துச் செதுக்கினால் கார்ட்டூன்தான் வரும். இருபது முப்பது அடி தள்ளிப்போய், கதவுக் கைப்பிடி உயரத்துக்குக் குனிந்து, ஜூம் செய்து எடுங்கள். நேர் பக்கவாட்டில் ஒன்று, நேர் முன்னால் ஒன்று, நேர் பின்னால் ஒன்று. மேலிருந்து பார்க்கும் படத்துக்கு மாடியிலிருந்து எடுத்தால் போதும். இவற்றைச் சரியான அளவுக்குப் பிரின்ட் போட்டு, கனமான அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். வெட்டியெடுத்த உருவத்தைவிட அதைச் சுற்றி மிஞ்சும் ஓட்டைப் பக்கம்தான் உங்களுக்கு வேலைக்கு ஆகும். செதுக்கும்போது அதை மரத்தின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், எங்கே வெளிச்சம் கசியவில்லையோ அங்கே இன்னும் எடுக்க வேண்டும். பேட்டர்ன் பட்டறையில் எங்கள் வேலை முக்கால்வாசி இந்த வெளிச்சத்தைப் பார்ப்பதுதான்.

இப்போது மரம். எல்லாரும் தேக்கு என்பார்கள். நல்ல மரம்தான், ஆனால் இந்த வேலைக்கு என் முதல் தேர்வு அது இல்லை. தேக்கின் துளைகள் பெரியவை. பெரிய கதவில் அழகாக இருக்கும் ரேகை, ஒரு சாண் வண்டியில் கீறல் விழுந்த மாதிரி தெரியும். எண்ணெய்ப் பசையும் உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன்னால் தின்னர் தொட்டுத் துடைக்காவிட்டால் பசை சரியாகப் பிடிக்காது. உளியையும் சீக்கிரம் மழுக்கும். மஞ்சக்கடம்பு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். ஒரே சீரான, நெருக்கமான மரம், கடைசலுக்கும் செதுக்கலுக்கும் ஏற்றது. எங்கள் ஊர் மில்களில் நூல் சுற்றும் பாபின் செய்த மரம் அது. அடுத்தது குமிழ். லேசான மரம், வெளுத்த நிறம், ஒருமுறை காய்ந்துவிட்டால் அதிகம் அசையாது, புதுக் கைக்கு வளைந்து கொடுக்கும். பேக்கிங் பெட்டிப் பைன் பழகிப் பார்க்க மட்டும். அதில் ஒரு வரி மெத்தென்றும் அடுத்த வரி கெட்டியாகவும் இருக்கும், உப்புத்தாள் போட்டால் மெத்தென்றது பள்ளமாகிப் படிக்கட்டு விழும்.

எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பச்சை மரத்தை அறுத்துக் காயப்போட உங்களுக்கு நேரமும் இல்லை. அதனால் பழைய மரக்கடைக்குப் போங்கள். இடித்த வீட்டுக் கட்டில் கால், அலமாரிப் பலகை, எதுவும் பரவாயில்லை, பல வருஷம் வீட்டுக்குள் இருந்த மரமாக இருந்தால் சரி. ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். மஞ்சக்கடம்பு, குமிழ் இரண்டும் கிடைக்காமல் பழைய தேக்கு கிடைத்தால், மேலே நான் குறை சொன்னதை மறந்துவிட்டு அதையே வாங்குங்கள். காயாத மஞ்சக்கடம்பைவிடக் காய்ந்த தேக்கு எவ்வளவோ மேல். சந்தேகமாக இருந்தால் துண்டை எடைபோட்டு எழுதி வையுங்கள். நாலு நாளைக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால் மரம் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகிவிட்டது.

அகலம் 104 வர, 21 மில்லிமீட்டருக்கு இழைத்த ஐந்து பலகைகளைப் புத்தகம் அடுக்குவதுபோல நிற்கவைத்துச் சேர்த்து ஒட்டுங்கள். நாலு தடித்த பலகை போட்டால் ஒட்டின கோடு சரியாக பானட்டின் நடுவில், மூக்கின்மேல் வந்து உட்காரும். ஐந்து போட்டால் நடுவில் முழுப் பலகை. எல்லாப் பலகையின் நாரும் ஒரே திசையில் சாய்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு பலகைக்கு வழுக்கும் உளி அடுத்த பலகையில் பிய்க்கும். நீளத்தை 300 விடுங்கள். முன்னும் பின்னும் மிஞ்சுவதுதான் வைஸில் பிடிக்க உங்களுக்குப் பிடி. சாதாரண வெள்ளைப் பசை போதும், ராத்திரி முழுக்கக் கிளாம்ப் போட்டு, அடுத்த நாள் முழுக்க விட்டுவிட்டு, அப்புறம் கை வையுங்கள்.

சதுரமாக இருக்கும்போதே அச்சுத் துளைகளைப் போட்டுவிடுங்கள். வளைத்துச் செதுக்கிய பிறகு துளை போட முயன்றால் டிரில் பிட் சறுக்கும், ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டு நிற்கும். இந்த ஒரு வேலையைக் கை டிரில்லில் செய்யாதீர்கள், பக்கத்து லேத் பட்டறையில் பெஞ்ச் டிரில் இருக்கும். பிறகு கட்டையை மர மில்லுக்கு எடுத்துப்போய் பேண்ட் சாவில் பக்கவாட்டு உருவத்தை வெட்டச் சொல்லுங்கள், கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் வெளியே. விழும் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாமல் டேப் ஒட்டித் திரும்ப அதே இடத்தில் வையுங்கள். அப்போதுதான் கட்டை மறுபடி சதுரமாகி, மேலிருந்து பார்க்கும் உருவத்தை வெட்டச் சமமாக உட்காரும். டேப்பைப் பிரித்தால் உள்ளே மொட்டையாக ஒரு வண்டி கிடைக்கும். அந்த நிமிஷம் கொஞ்சம் சந்தோஷமாகவே இருக்கும்.

அம்பாசிடர் என்று சொல்லவைப்பது மூன்று இடம். ஒன்று, பானட்டுக்கும் முன் மட்கார்டுக்கும் நடுவில் விழும் பள்ளம். பானட் தனியாகக் குமிழ்ந்திருக்கும், மட்கார்டு தனியாகத் திரண்டிருக்கும், நடுவில் மழைநீர் ஓடுகிற மாதிரி ஒரு வாய்க்கால். அதை நகவுளியால் (நகம் மாதிரி முனை வளைந்த உளி) எடுங்கள், உளியைக் கொட்டாப்புளியால் அடிக்காமல் கையாலேயே தள்ளி. இரண்டு, கூரையின் வளைவு. அது எங்கேயும் தட்டையாக இல்லை, உள்ளங்கையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பிய மேடு விரலுக்குத் தப்பாது. மூன்று, பக்கவாட்டுக் கோடு. முன் மட்கார்டு கதவுக்குள் வழிந்து மெல்ல அடங்கும், பின் மட்கார்டு புதிதாகப் புடைத்துக் கிளம்பும். இந்த மூன்றும் சரியாக அமைந்தால் விளக்கு வைக்கும் முன்பே வண்டி பெயர் சொல்லும். இடது பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு வலதுக்குப் போகாதீர்கள், இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். முடித்த பக்கத்துக்கு மறு பக்கத்தைச் சரியாக்கப் போய், பிறகு இதைச் சரியாக்கி, கடைசியில் வண்டி ஆட்டோ அகலத்துக்கு வந்த கதை எல்லாப் பட்டறையிலும் உண்டு.

சக்கரத்தை நீங்கள் செய்ய வேண்டாம். "கையாலேயே" என்ற சபதத்துக்கு இது பங்கம் என்று தோன்றினால், வண்டி செய்யும் கம்பெனியே டயரை வெளியில்தான் வாங்குகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள். கடைசல் பட்டறையில் 42 மில்லிமீட்டர் விட்டம், 10 மில்லிமீட்டர் கனம் என்று சொல்லி ஆறு வாங்குங்கள். நாலு ஓட, ஒன்று ஸ்டெப்னி, ஒன்று உடைய. உருட்டுக் கட்டையைக் கத்தரிக்காய் மாதிரி வட்டமாகத் துண்டு போட்டால் நடுவிலிருந்து வெடிக்கும். 5 மில்லிமீட்டர் பலகை இரண்டை, நார் ஒன்றுக்கொன்று குறுக்கே வரும்படி ஒட்டிக் கொடுத்துக் கடையச் சொல்லுங்கள். வெடிக்கவும் செய்யாது, முட்டை வடிவத்துக்கும் போகாது. டயருக்குக் கறுத்த மரம் வேண்டுமென்று கருங்காலி தேடி அலையாதீர்கள். கழுத்தில் போடும் கருங்காலி மாலை மோகத்தில் சாயம் தோய்த்த கட்டையெல்லாம் இப்போது கருங்காலி என்றே விற்கிறது. சாயம் தோய்ப்பதென்றால் அதை நாமே செய்துகொள்ளலாம்.

சின்னச் சாமான்களுக்குக் கடைத்தெருவே போதும். ஹெட்லைட் நிஜத்தில் 7 இஞ்சு, நம் அளவில் 11 மில்லிமீட்டர். டிராயிங் பின்னின் தலை ஏறக்குறைய அதே அளவு, பளபளப்பும் உண்டு. பம்பருக்கு மெல்லிய அலுமினியப் பட்டை, விரல்மேல் வைத்தே வளைத்துவிடலாம். வாடகை வண்டி என்பதால் கூரைமேல் கேரியர் இருந்திருக்கும். அதற்கு எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி. அந்த ஒன்றேகால் மில்லிமீட்டர் மூங்கில் 16 மடங்கு பெரிதானால் கிட்டத்தட்ட முக்கால் இஞ்சுக் குழாய். நான் இதுவரை போட்ட கேரியர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னாலிருந்து பொறுக்கியதுதான். இடது பின் மட்கார்டில் ஒரு நசுங்கல் இருந்ததென்றால் அதையும் போடுங்கள். புது அம்பாசிடர் எல்லாருடையதும், நசுங்கின அம்பாசிடர் உங்கள் அப்பாவுடையது.

இதுவரை சொன்னது பட்டறையில் கண்ணால் பார்த்தது, அடித்துச் சொல்வேன். பாலிஷ் விஷயம் அப்படி இல்லை, அது பாதி ருசி. அப்பாவின் வண்டி வெள்ளை என்கிறீர்கள். வெள்ளை பெயின்ட் அடித்தால் கடையில் வாங்கிய பொம்மையோடு அது போட்டிபோட வேண்டியிருக்கும், மரமாகவே விட்டால் போட்டியே இல்லை என்பது என் எண்ணம். "வெள்ளையா இருந்தாத்தானே அது நம்ம வண்டி" என்று உங்கள் அம்மா சொன்னால் அம்மா சொல்வதுதான் சரி, அவர் அந்த வண்டியில் போனவர். மரமாக விடுவதென்றால் 80-இல் தொடங்கி 320 வரை உப்புத்தாள், நடுவில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, எழும்பும் நாரையும் தேய்த்துவிடுங்கள். பிறகு அவலரக்கை (அவல் மாதிரி தகடாகக் கிடைக்கும் அரக்கு) ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிய துணியால் ஆறேழு கை. அடுப்பு எரியும் பக்கம் வைத்து இதைச் செய்யாதீர்கள். யாராவது ஆளிவிதை எண்ணெய் பூசச் சொன்னால் பூசலாம், ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். பிரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள். தேய்க்கும் நாளெல்லாம் முகமூடி கட்டாயம். முப்பது வருஷம் கட்டாதவன் இருமிக்கொண்டே இதை எழுதுகிறேன். உள்ளே பல்பு எரிய வைப்பதையும் 3டி பிரிண்டையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டும் நான் செய்ததில்லை, செய்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

நேரம் போதுமா என்றால், போதும். எனக்கு ஒரு வண்டிக்கு அறுபது மணி நேரம் ஆகிறது. உங்களுக்கு இரண்டு மடங்கு வைத்துக்கொண்டாலும் தினம் ஒன்றரை மணி உட்கார்ந்தால் மூன்று மாதத்துக்குள் முடியும், பத்து நாள் மிஞ்சும். அந்தப் பத்து நாளை முன்னாலேயே செலவழித்துப் பைனில் ஒரு மூக்கு மட்டும் செதுக்கிப் பாருங்கள். அது கோணலாகத்தான் வரும். உங்கள் உளி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. சக்கரம் நன்றாக உருண்டால் வண்டி ஷெல்ஃபிலிருந்து விழும். என் அக்கா வீட்டுக்காரர் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு அம்பாசிடர் ஓட்டியவர். அவருக்கு ஒன்று செய்து எடுத்துப்போனேன். கையில் வாங்கியதும் பானட்டைப் பார்க்கவில்லை, கேரியரைப் பார்க்கவில்லை, கவிழ்த்து அடியைப் பார்த்தார். திருப்பி டி.வி. பெட்டிமேல் வைத்தார். பெட்டி லேசாகச் சாய்வு, வண்டி மெல்ல நகர்ந்தது. "என்ன மாப்ளே, மேட்டுல நிறுத்திப்போட்டு இப்புடியே உட்டுட்டு வந்துட்ட?" என்றபடி வாசலுக்குப் போனார். புளியங்கொட்டை அளவில் ஒரு கல்லைப் பொறுக்கி வந்து பின் சக்கரத்துக்கு அடை கொடுத்தார். அக்கா வீட்டில் தூசு தட்டும்போது இப்போதும் அந்தக் கல்லையும் எடுத்துத் துடைத்துத்தான் வைக்கிறார்கள். நீங்களும் வண்டியோடு ஒரு கல்லைச் சேர்த்தே கொடுங்கள்.